வீட்டுக்காரர் அனுப்பிய ஆட்கள் நம் பொருளைச் சேதப்படுத்தினால் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறார்கள். குளியலறை ஒழுகலைச் சரிசெய்து, ஹாலுக்கு பெயின்ட் அடித்து, மெயின் போர்டையும் மாற்ற வீட்டுக்காரர் ஆட்களை அனுப்பினார். வேலை முடிந்து பார்த்தால் டிவி ஓடவில்லை, மெத்தை நனைந்திருக்கிறது, பீரோவுக்குள் இருந்த பட்டுப்புடவைகள் வரை பட்டித்தூள். கேட்டால் வீட்டுக்காரர், "அதெல்லாம் காண்ட்ராக்டர்கிட்ட கேளுங்க" என்கிறார். காண்ட்ராக்டரோ, "பசங்க தெரியாம பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுப்பதில்லை. அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?

கழிக்காதீர்கள். நியாயமாகத் தோன்றும் வழி இது, ஆனால் உங்களுக்கே வினையாக முடியும். தமிழ்நாட்டில் நகர்ப்புற வாடகைக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், உங்களைக் காலிசெய்ய வைக்க வீட்டுக்காரருக்கு அந்தச் சட்டத்தில் காரணம் கிடைத்துவிடும். அறுபதாயிரம் ரூபாய் டிவிக்காக நீங்கள் மூன்று மாதம் வாடகையை நிறுத்தினால், வழக்கு டிவியைப் பற்றியதாக இருக்காது, உங்கள் பாக்கியைப் பற்றியதாக மாறிவிடும். வாடகையை எப்போதும்போல, தேதி தவறாமல், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கட்டுங்கள். நஷ்டக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108(f). வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதைச் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்றால், குடியிருப்பவரே செய்து அந்தச் செலவை வாடகையில் கழிக்கலாம் என்கிறது. அது கட்டடத்தின் பழுதுக்கு. உடைந்த குழாய்க்குப் பொருந்தும், எரிந்த டிவிக்குப் பொருந்தாது.

சரி, பணம் யார் தர வேண்டும்? "காண்ட்ராக்டரைக் கேளுங்க" என்ற பதில் முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

சட்டம் முதலில் கேட்பது, வேலை செய்தவர் வீட்டுக்காரரின் ஆளா, சுயமாகத் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரரா என்பது. வீட்டுக்காரரே கொத்தனாரையும் சித்தாளையும் நாள் கூலிக்குக் கூப்பிட்டு, சிமெண்டும் டைல்ஸும் தானே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று "இங்க உடை, அங்க பூசு" என்று சொல்லி வேலை வாங்கியிருந்தால், அவர்கள் அவருடைய வேலையாட்கள். அவர்கள் வேலையின்போது கவனக்குறைவாகச் செய்த சேதத்துக்கு அவரே நேரடியாகப் பொறுப்பு. மாறாக, மொத்தமாக இவ்வளவு என்று பேசி, பொருளும் ஆளும் முறையும் காண்ட்ராக்டரிடமே விடப்பட்டிருந்தால், பொது விதிப்படி காண்ட்ராக்டர்தான் முதல் பொறுப்பாளி. நம் ஊரில் பாதி வேலைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன. கூலி பேசியது காண்ட்ராக்டர், பொருள் வாங்கியது ஓனர், மேற்பார்வை ஓனரின் மைத்துனர் என்று இருக்கும். அதனால் யார் பொருள் வாங்கினார், யார் பணம் கொடுத்தார், யார் நின்று வேலை வாங்கினார் என்பதை வேலை நடக்கும் நாட்களிலேயே குறித்து வையுங்கள்.

மொத்த ஒப்பந்தமாகவே இருந்தாலும் வீட்டுக்காரர் முழுதாகக் கைகழுவிவிட முடியாது. தகுதியில்லாத ஆள் என்று தெரிந்தே அனுப்பியது, இயல்பிலேயே ஆபத்தான வேலையை முன்னெச்சரிக்கை இல்லாமல் செய்யவிட்டது, குறிப்பிட்ட தவறான முறையை அவரே சொல்லிக் கொடுத்தது, தண்ணீர் ஒழுகுகிறது என்று நீங்கள் தகவல் சொன்ன பிறகும் சும்மா இருந்தது ஆகியவை அவருடைய சொந்தக் கவனக்குறைவு. இதற்கு மேல், அவருக்கும் உங்களுக்கும் இருப்பது ஒப்பந்த உறவு. வாடகை கட்டிக்கொண்டு, விதிகளை மீறாமல் இருக்கும்வரை தொந்தரவில்லாமல் வீட்டை அனுபவிக்கலாம் என்ற உறுதியை, எழுதாவிட்டாலும் வீட்டுக்காரர் தந்ததாகவே சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 108(c) எடுத்துக்கொள்கிறது. பழுது பார்க்கவோ சோதிக்கவோ உள்ளே வருவதென்றால் 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. அறிவிப்பே இல்லாமல், நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மாற்றுச் சாவியால் திறந்து ஆட்களை விட்டிருந்தால், உங்கள் கை பல மடங்கு ஓங்கிவிடும். பொருட்களை நகர்த்தி மூடி வைக்கும் வாய்ப்பே உங்களுக்குத் தரப்படவில்லையே.

இதிலிருந்து வரும் நடைமுறை முடிவு ஒன்றுதான். எந்தக் கடிதம் எழுதினாலும் வீட்டுக்காரர், காண்ட்ராக்டர் இருவர் பெயருக்கும் எழுதுங்கள். இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று சொல்லுங்கள். யார் எவ்வளவு என்பது அவர்களுக்குள் தீர வேண்டிய கணக்கு. ஒருவரை மட்டும் பிடித்தால் அவர் மற்றவரைக் காட்டுவார், அதிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். காண்ட்ராக்டரின் முழுப் பெயரும் முகவரியும் தெரியாது என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தர மறுத்தால், அந்த மறுப்பே அவர் பக்கத்தைப் பலவீனப்படுத்தும்.

எதிரி யார் என்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மேல்வீட்டுக் குளியலறையை உடைத்ததால் உங்கள் கூரையில் தண்ணீர் இறங்கியது என்றால், அந்த ஆட்களை அனுப்பியது மேல்வீட்டின் உரிமையாளர். உங்கள் கோரிக்கை அவர் மீதும் அவருடைய காண்ட்ராக்டர் மீதும்தான் போக வேண்டும். வெளிச்சுவர் பெயின்ட், மொட்டை மாடி தட்டோடு, பொதுக் குழாய் போன்றவற்றுக்கு ஆள் வைத்தது குடியிருப்போர் சங்கமாக இருக்கும். அப்போது சங்கத்துக்கு எழுத வேண்டும், ஒரு நகல் உங்கள் வீட்டுக்காரருக்கு.

இனி முதல் நாள். பணம் திரும்பி வருமா வராதா என்பது பெரும்பாலும் சேதம் தெரிந்த முதல் 24 மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருந்தால் முதலில் மெயினை அணையுங்கள். நனைந்த எந்தச் சாதனத்தையும் "ஓடுதான்னு பார்க்கலாம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். உலர்த்தினால் பிழைத்திருக்கக்கூடிய போர்டு அந்த ஒரு சொடுக்கில் போய்விடும். பிறகு எதையும் துடைப்பதற்கு முன் படம். முதலில் அறை முழுவதையும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். அதில் ஏணி, சிமெண்ட் மூட்டை, பெயின்ட் டப்பா, ஆட்கள் எல்லாம் தெரியட்டும். அடுத்து ஒவ்வொரு பொருளையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று, மாடல் எண் ஸ்டிக்கர் ஒன்று என்று மூன்று படங்கள். ஆட்கள் இன்னும் அங்கேயே இருந்தால் அவர்கள் முன்னிலையில் எடுங்கள். அவர்கள் தானாகச் சொல்லும் விளக்கத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படங்கள் பின்னால் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63இன்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதனால் எடுத்த போனை விற்காதீர்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வைப்பதும் நல்லது. குடியிருப்பில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே சங்கத்துக்கு எழுதி, அந்த நாள் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பதிவுக் கருவிகள் சில வாரங்களில் பழையதை அழித்து மேலெழுதிவிடும். காவலாளியின் நுழைவுப் பதிவேட்டில் ஆட்களின் பெயரும் வந்துபோன நேரமும் இருக்கும். அந்தப் பக்கத்தையும் படம் எடுங்கள்.

படம் எடுத்த பிறகு பொருளைக் காப்பாற்றும் வேலையை உடனே தொடங்கிவிட வேண்டும். சேதம் பெருகாமல் தடுக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதைப் பார்த்துத்தான் இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73 சொல்கிறது. ஆதாரம் வேண்டும் என்று நனைந்த மெத்தையை ஒரு வாரம் அப்படியே போட்டு வைத்தால், பூஞ்சை உங்கள் கணக்கில் சேரும்.

எந்த வேலை எப்படிச் சேதம் செய்கிறது என்பது தெரிந்தால் காப்பாற்றுவதும் எளிது, நிரூபிப்பதும் எளிது. பட்டி பார்த்த சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழும் தூளை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பீரோவின் கதவிடுக்கு வழியாகவும் அது நுழையும், ஏசியின் உள்ளே போய் சுருளில் படியும், லேப்டாப் விசிறியை அடைக்கும். வெள்ளை சிமெண்ட் கலந்த பட்டி என்றால் அது ஈரம் பட்டால் இறுகும் பொருள். ஈரத்துணியால் துடைப்பது பெரிய தவறு. முதலில் மென்மையான பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் உலர்வாக எடுக்க வேண்டும். ஏசியை சர்வீஸ் செய்யும்வரை போடக்கூடாது. பட்டுப்புடவையை உதறி, தண்ணீர் படாமல் ட்ரை கிளீனரிடம் கொடுத்து, கறை போகுமா போகாதா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எமல்ஷன் பெயின்ட் சொட்டு இதற்கு நேர்மாறானது. காயும் முன் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், காய்ந்தபின் சுரண்டினால் மரத்தின் பாலிஷும் சேர்ந்து வரும்.

டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அந்த ஆவி குளியலறையிலேயே இருக்கும் வாஷிங் மெஷின், குரோம் பூச்சுள்ள சாமான், பக்கத்து அறையிலுள்ள எவர்சில்வர் வரை துருப்பிடிக்க வைக்கும். இது அன்றைக்குத் தெரியாது, சில நாள் கழித்துத்தான் புள்ளி புள்ளியாக வரும். எனவே வேலையின்போது ஆசிட் பாட்டில்கள் இருந்ததற்குப் படம் இருந்தால் நல்லது. துரு தெரிந்த அன்றே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

டிவி விஷயத்தில் இரண்டு விதம் உண்டு. ஏணியோ கம்போ பட்டால் திரையில் ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல விரிசல் பரவியிருக்கும். வெளியே கீறலே இல்லாமல், சிவப்பு விளக்குகூட எரியாமல் செத்திருந்தால் மின்னழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் மெயின் போர்டை மாற்றும்போது நியூட்ரல் கம்பி சரியாக இறுக்கப்படாமல் விட்டுப்போனால், ஒவ்வொரு ஃபேஸிலும் 230 வோல்ட் நிற்காது. எந்த ஃபேஸில் லோடு குறைவோ அங்கே மின்னழுத்தம் ஏறும், 400 வோல்ட்டை நெருங்கும்வரைகூடப் போகலாம். அப்போது ஒரே நேரத்தில் டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, செட்டாப் பாக்ஸ், எல்இடி பல்புகள் என்று பலதும் சேர்ந்து போகும். மற்ற ஃபேஸில் விளக்குகள் மங்கலாக எரியும். இந்த அடையாளங்கள் எல்லாம் சான்றுகள். எரிந்த சாதனங்கள் எந்தெந்த அறையின் எந்த பிளக்கில் இருந்தன என்று ஒரு படம் வரைந்து வையுங்கள். அதே நேரத்தில் பக்கத்து வீடுகளிலும் சாதனங்கள் போயினவா என்று விசாரியுங்கள். போயிருந்தால் கோளாறு மின்வாரிய லைனில் இருக்கக்கூடும், எலக்ட்ரீஷியனைக் குற்றம் சாட்ட முடியாது. உங்கள் வீட்டில் மட்டும், அதுவும் போர்டு வேலை நடந்த அன்று மட்டும் என்றால், கை அவரைத்தான் காட்டுகிறது. வேறொரு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு போர்டைத் திறந்து பார்த்து, இறுக்குவதற்கு முன் படம் எடுத்து, கையெழுத்துடன் குறிப்பு வாங்குங்கள்.

சர்வீஸ் சென்டரில் பழுதைப் பார்த்து எழுதித் தரும் தாளான ஜாப் ஷீட்தான் இதில் முதுகெலும்பு. "போர்டு கம்ப்ளைன்ட்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது போதாது. மாடல், வரிசை எண், பார்த்த தேதி, எந்தப் பாகம் போயிருக்கிறது, எதனால் போனதாகத் தெரிகிறது (உதாரணமாக, அதிக மின்னழுத்தத்தால் வேரிஸ்டர் என்ற பாதுகாப்பு உறுப்பு எரிந்திருக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது, வெளி அடி பட்டிருக்கிறது), சரிசெய்ய எவ்வளவு, சரிசெய்யவே முடியாதா என்று ஏழு விஷயங்கள் அதில் இருக்க வேண்டும். மாற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை மிகைப்படுத்தி எழுதித் தரச் சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி உடைந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து விழும்.

அடுத்து, எவ்வளவு கேட்பது. பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலை கிடைக்காது. சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யும் செலவு. முடியாது என்றால், சேதமான அன்று அந்தப் பொருள் சந்தையில் என்ன பெறுமோ அது. 32,000 ரூபாய்க்கு வாங்கிய, ஐந்து ஆண்டு ஓடிய ஃபிரிட்ஜ், பத்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் 16,000. அதே மாடல் பழைய பொருள் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் இரண்டு மூன்று இடங்களில் பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். சரிசெய்யும் செலவு 9,000 என்று ஜாப் ஷீட் சொன்னால், கேட்க வேண்டியது 9,000தான். இதோடு உண்மையாகச் செலவானவை சேரும்: ட்ரை கிளீனிங், துப்புரவு ஆள் கூலி, சர்வீஸ் சென்டர் வருகைக் கட்டணம், வீடு தங்க முடியாத நிலையில் இருந்தால் அந்த நாட்களின் லாட்ஜ் வாடகை. ஒவ்வொன்றுக்கும் ரசீது. பில் தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கை, கடையின் ஜிஎஸ்டி பில் நகல், இணையக் கடையின் ஆர்டர் பக்கம், வாரண்டி பதிவு எதுவும் உதவும். பழைய குடும்பப் படத்தில் அந்த டிவி சுவரில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தால் அதுவும் உதவும். அம்மாவின் கல்யாணப் புடவை என்பதற்காக நீதிமன்றம் தனியாகத் தொகை தருவது அபூர்வம். மனம் எவ்வளவு வலித்தாலும் எண்ணைக் கூட்டாதீர்கள், கூட்டிய கணக்கு பேச்சுவார்த்தையையே கெடுத்துவிடும்.

இனி, யாரும் சொல்லித் தராத, ஆனால் பெரும்பாலான வழக்குகளை நீதிமன்றம் போகாமலே முடித்துவைக்கும் ஒரு விஷயம். காண்ட்ராக்டருக்கு வீட்டுக்காரர் தர வேண்டிய பாக்கிப் பணம். நம் ஊரில் வேலை முடிந்து, பார்த்து, கடைசித் தவணை கொடுப்பதுதான் வழக்கம். உங்கள் நஷ்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பணம் அதுதான். அன்று மாலையே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: "இந்தச் சேதம் தீரும்வரை காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைத் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." இதில் வீட்டுக்காரரின் கைப்பணம் போகவில்லை, அதனால் அவர் உங்களோடு நிற்பது எளிதாகிறது. கேட்ட பிறகும் முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார் என்றால், பின்னால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. ஆனால் நீங்களாக ஆட்களின் டிரில், கட்டிங் மெஷினைப் பிடித்து வைக்கவோ, ஆட்களைப் போகவிடாமல் கதவைப் பூட்டவோ கூடாது. அது குற்றமாகி, புகார் உங்கள் மீது திரும்பும்.

மூன்று நாள் பேசிப் பார்த்தும் நகரவில்லை என்றால் கடிதம். வக்கீல் நோட்டீஸ் அடுத்த கட்டம், முதலில் நீங்களே எழுதலாம். இப்படி:

"பெறுநர்: 1. (வீட்டு உரிமையாளர் பெயர், முகவரி) 2. (காண்ட்ராக்டர் பெயர், முகவரி). மேற்படி முகவரியில் நான் (தேதி) முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். வாடகை (மாதம்) வரை செலுத்தப்பட்டுள்ளது. உங்களில் முதலாமவரின் ஏற்பாட்டில் இரண்டாமவரின் ஆட்கள் (தேதி) முதல் (தேதி) வரை குளியலறை, பெயின்ட், மின் வேலைகள் செய்தனர். அவ்வேலையின்போது முன்னெச்சரிக்கை இல்லாததால் இணைப்பில் உள்ள பட்டியலிலுள்ள பொருட்கள் சேதமடைந்தன. சேதத்தை (தேதி, நேரம்) அன்று படங்களுடன் உங்களுக்குத் தெரிவித்தேன். பட்டியல்படி மொத்த இழப்பு ரூ. (தொகை). இதற்கு நீங்கள் இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. பொருட்களை (தேதி) வரை நேரில் பார்வையிடலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தவோ, ஏற்கத்தக்க முறையில் சரிசெய்து தரவோ கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படியான நடவடிக்கை எடுப்பேன். இக்கோரிக்கை வாடகையையும் முன்பணத்தையும் பாதிக்காது."

பார்வையிடலாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "பொருளை எங்களுக்குக் காட்டவே இல்லை" என்ற வாதத்தை அது அடைக்கிறது. மற்றபடி திட்டோ மிரட்டலோ வேண்டாம். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே ஸ்பீட் போஸ்டில், சேர்த்ததற்கான சான்று வசதியோடு அனுப்பி, ரசீதையும் இணையத்தில் தெரியும் விநியோக விவரப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள்.

அதற்கும் பதில் இல்லை என்றால், வழக்குப் போடுவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அல்லது வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். இந்த அளவுத் தொகைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. வழக்குக்கு முந்தைய மனுவாக ஒரு தாளில் எழுதி, கடிதம், பட்டியல், படங்களை இணைத்தால், எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பி, சமரசத்துக்கு அழைப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. உடன்பாடு ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 21இன்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச வக்கீல் உதவியும் பெறலாம். உதவி எண் 15100. ஒரே குறை, எதிர்த்தரப்பு வராமலே இருந்துவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது வழக்குதான்.

வழக்கு என்றால், தொகையைப் பொறுத்துச் சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் அல்லது நகர உரிமையியல் நீதிமன்றம், மாவட்டங்களில் மாவட்ட முன்சீப் நீதிமன்றம். நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஒரு லட்சம் கேட்டால் 3,000 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. சேதம் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழக்கின் நடுவே மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். இருபதாயிரத்துக்காக இந்த வழியில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றரை, இரண்டு லட்சம் என்றால் போகலாம்.

2017 சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். எரிந்த டிவிக்கு இழப்பீடு கொடுப்பது அவருடைய வேலையல்ல. ஆனால் நீங்கள் கடிதம் அனுப்பிய கோபத்தில் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அவரிடம்தான் போக வேண்டும். அத்தியாவசிய சேவையை நிறுத்துவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது, உடனடி இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

நுகர்வோர் ஆணையம்: வாடகை உறவு மட்டும் இருந்தால் வீட்டுக்காரரை நுகர்வோர் சட்டத்துக்குள் இழுப்பது கடினம். காண்ட்ராக்டர் நிறுவனமோ செயலி வழி சேவையோ என்றால் நிலைமை சற்று வேறு. பணம் கொடுத்தவர் ஒருவராகவும், அவருடைய சம்மதத்தோடு சேவையின் பயனைப் பெறுபவர் இன்னொருவராகவும் இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பயனாளியையும் நுகர்வோர் என்கிறது. வீட்டுக்காரர் பணம் கொடுத்து, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் நடந்த வேலைக்கு இந்த வாதத்தை வைக்கலாம், எளிதாக ஏற்கப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. நீங்களே பணம் கொடுத்து வரவழைத்த ஆள் என்றால் சந்தேகமே இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிவு செய்தாலே சில நிறுவனங்கள் இறங்கி வந்துவிடும்.

காவல் நிலையம் இரண்டு சூழலில் மட்டும். ஒன்று, பொருள் திருட்டு. நகை காணோம் என்றால் தாமதிக்காமல் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். இன்னொன்று, வேண்டுமென்றே உடைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் பிரிவு 324 சொல்லும் சேதம் விளைவித்தல் குற்றத்துக்கு, நஷ்டம் வரும் என்ற எண்ணமோ அறிவோ இருந்திருக்க வேண்டும். வெறும் கவனக்குறைவுக்கு அது பொருந்தாது. நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று சொன்னால் பெரும்பாலும் அது சரிதான். ஆனாலும் புகார் கொடுத்திருந்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதை வாங்கி வையுங்கள்.

உங்களிடம் வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால் அதையும் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்க முடியும். 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வகைப் பாலிசிகளில் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவதால் வரும் சேதம் அடங்கும். பெயின்டரின் ஏணி விழுந்து உடைந்தது அடங்குமா என்பதை உங்கள் பாலிசி வாசகத்தில் பாருங்கள். காப்பீட்டில் கோரப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் காண்ட்ராக்டரிடம் "எனக்கு இனி ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பணம் தந்த பிறகு அவரிடமிருந்து மீட்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும். அதை நீங்கள் முன்பே விட்டுக்கொடுத்திருந்தால் உங்கள் கோரிக்கையே சிக்கலாகும்.

சமரசமானால் எழுத்தில் முடியுங்கள். எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பட்டியலோடு எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். "எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டால், இரண்டு வாரம் கழித்து ஆசிட் துரு தெரியவரும்போது கேட்க வழியிருக்காது. புது டிவி வாங்கிக் கொடுக்கிறேன் என்றால், பில் உங்கள் பெயரில், வாரண்டி அட்டையோடு.

முன்பணம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம்போகத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில், வீட்டுக்காரரின் ஆட்கள் உடைத்த டைல்ஸ், கறைபட்ட தரை, கீறிய கதவு எல்லாம் ஆறு மாதம் கழித்துக் குடியிருந்தவர் கணக்கில் எழுதப்பட்டு முன்பணத்தில் கழிக்கப்படுகின்றன. அதனால் உங்கள் பொருளைப் படம் எடுக்கும் அதே நாளில், அவர்கள் வீட்டுக்குச் செய்த சேதத்தையும் படம் எடுத்து, அதே கடிதத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை ஆட்கள் வருவதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பி ஐந்து விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: என்ன வேலை, எந்தெந்த நாள், யார் செய்கிறார், பொருளை யார் நகர்த்தி மூடுவது, சேதமானால் யார் பொறுப்பு. நான்காவது மிக முக்கியம். நகர்த்தச் சொல்லியும் நீங்கள் நகர்த்தவில்லை என்று வந்தால், இழப்பீட்டில் ஒரு பங்கு உங்கள் தவறாகக் கழியும். முந்தின நாள் இரவு எல்லா அறைகளையும் டிவி ஓடுவது, ஃபிரிட்ஜ் விளக்கு எரிவது, பீரோவின் உட்புறம் தெரிய வீடியோ எடுங்கள். மின் வேலை என்றால் எல்லாப் பிளக்கையும் உருவிவிடுங்கள், வேலை முடிந்து எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஃபேஸிலும் மின்னழுத்தத்தை அளந்து காட்டும்வரை எதையும் மாட்டாதீர்கள். பெயின்ட் என்றால் தார்ப்பாய் அல்லது கனமான பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, பீரோ இடுக்குகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஏசியின் காற்று வாய்களை மூடி, நகையையும் சான்றிதழ்களையும் வீட்டிலிருந்தே வெளியே கொண்டுபோய்விடுங்கள்.